நெஞ்செரிச்சல் நோய்: மாத்திரை, சாப்பாடு, நுண்துளை அறுவை சிகிச்சை – எது முதலில், எது எப்போது?

மருந்துக் கடையில் "ஒரு கேஸ் மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் போதும், ஓர் அட்டை கைக்கு வந்துவிடும். அது என்ன மருந்து, எப்போது போட வேண்டும், எத்தனை நாளைக்கு என்று கடைக்காரர் சொல்வதுமில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை. இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் நம் வீடுகளிலேயே நிறைய இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், "மாத்திரை கேட்கவில்லை, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாமா?" என்று நேராகக் கடைசிப் படிக்குத் தாவ நினைப்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்குமே நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை விட்டால் மாத்திரையும் வீணாகும், அறுவை சிகிச்சையும் வீணாகும்.

உள்ளே என்ன நடக்கிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி, விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் இறுக மூடிக்கொள்ளும். அதைச் சுற்றி வெளியிலிருந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் இறுக்கிப் பிடிக்கும். வயிறு உப்பும்போது காற்றை ஏப்பமாக வெளியேற்ற இந்தத் தசை விழுங்காமலேயே சில நொடிகள் தளர்ந்து கொடுக்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த நேரத்தில் காற்றோடு அமிலமும் அடிக்கடி மேலே ஏறி வந்து தொல்லை கொடுத்தாலோ, உணவுக்குழாயைப் புண்ணாக்கினாலோ அதுதான் நோய்.

சிலருக்கு உதரவிதானத்தில் உள்ள துளை அகன்று, இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடும். ஹயேட்டஸ் ஹெர்னியா என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது இதைத்தான். அப்போது தசை ஓரிடத்திலும் உதரவிதானம் வேறோரிடத்திலும் இருப்பதால் பிடிமானம் குறைந்துவிடுகிறது.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பதில்லை. சரியான அளவில் சுரந்து, வரக் கூடாத இடத்துக்கு வருகிறது. மாத்திரை அந்த அமிலத்தின் கடுமையைக் குறைக்குமே தவிர, மேலே ஏறுவதை நிறுத்தாது. அதனால்தான் மாத்திரை போட்டவருக்கு எரிச்சல் அடங்கிய பிறகும் குனிந்தால் வாய்க்குத் தண்ணீர் எதுக்களித்து வரலாம். ஏறுவதையே தடுப்பது அறுவை சிகிச்சை.

முதல் படி: இதயம் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

நெஞ்சு வலியைக் கேஸ் என்று நினைத்து, சோடா குடித்துப் படுத்து, விடிவதற்குள் உயிரை விட்டவர்களைப் பற்றி நாம் எல்லோருமே கேள்விப்பட்டிருக்கிறோம். நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கை, தாடை, முதுகு என்று பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் வலி, இவற்றில் எது இருந்தாலும் ஜெலூசில் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பே வெறும் மேல்வயிற்று மந்தமாக, குமட்டலாக வரலாம். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் இரண்டாவது ஈசிஜியும் எடுப்பார்கள். அதுவரை மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

இரண்டாம் படி: எண்டோஸ்கோபி உடனே வேண்டுமா?

வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கும் இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் வேண்டாம். நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் மட்டும்தான், வேறு தொல்லை இல்லை என்றால் முதலில் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதே வழக்கம். ஆனால் கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது:

- சாப்பாடு தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்வது, விழுங்கும்போது வலி
- காரணமில்லாமல் எடை குறைவது
- ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை
- விடாத வாந்தி
- 55–60 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் நெஞ்செரிச்சல்
- நெருங்கிய உறவில் இரைப்பை அல்லது உணவுக்குழாய்ப் புற்றுநோய்

எண்டோஸ்கோபியில் புண் தெரிந்தால் லாஸ் ஏஞ்சலஸ் முறைப்படி ஏ, பி, சி, டி என்று தரம் எழுதுவார்கள். ஏ லேசானது, டி கடுமையானது. அந்த எழுத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாத்திரையை நிறுத்தலாமா என்பதை முடிவு செய்ய அது தேவைப்படும்.

மூன்றாம் படி: மாத்திரையை ஒழுங்காக 8 வாரம்

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளை இவை முடக்குகின்றன. ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம், பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் என்பதுதான் வழக்கமான ஆரம்ப அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஒன்றைவிட இன்னொன்று பெரிய உசத்தி என்று எதுவுமில்லை.

சாப்பிடும் நேரம்தான் பெரும்பாலும் தவறிப்போகிறது. இந்த மருந்துகள் ரத்தத்தில் ஓரிரு மணி நேரம்தான் கணிசமாக இருக்கும். வேலை செய்துகொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே அவை முடக்கும். பம்பை வேலைக்குக் கூப்பிடுவது சாப்பாடு. அதனால் மாத்திரை போட்டு 30 முதல் 60 நிமிடத்துக்குள் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும். நம் ஊரில் என்ன நடக்கிறது? "வெறும் வயிற்றில்" என்று டாக்டர் சொன்னதை வைத்து, காலை 6 மணிக்கு எழுந்ததும் மாத்திரை, அப்புறம் ஒரு காபி, பூஜை, சமையல் எல்லாம் முடித்து 10 மணிக்கு இட்லி. மருந்தின் பாதி பலன் இட்லி வருவதற்குள் போய்விடுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதும், எரியும்போது மட்டும் போடுவதும் இதே கதைதான். எட்டரைக்கு டிபன் என்றால் எட்டுக்கு மாத்திரை. இரவில்தான் தொல்லை அதிகம் என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்திரையை நுணுக்கவோ மெல்லவோ வேண்டாம். அமிலம் தாக்காதபடி மேலே பூச்சு இருக்கிறது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும், முதல் நாளே கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். 8 வாரம் ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

மற்ற மருந்துகள் பற்றியும் கொஞ்சம். ஜெலூசில், டைஜீன் போன்றவை சுரந்துவிட்ட அமிலத்தை அப்போதைக்கு முறிக்கும், அவ்வளவுதான். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அலுமினியம், மக்னீசியம் கலந்த இந்த மருந்துகளைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. ஈனோவில் சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கேவிஸ்கான் போன்ற ஆல்ஜினேட் மருந்துகள் இரைப்பையில் உள்ள உணவின் மேல் மிதக்கும் படலமாக நின்று தடுக்கும். சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும் குடித்தால் உதவும். கர்ப்பிணிகளுக்கு முதலில் யோசிப்பது இதைத்தான். அமிலச் சுரப்பைக் குறைக்கும் வேறு வகை மருந்தான ஃபாமோடிடின் இரவுத் தொல்லைக்கு நல்லது, ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடல் பழகி வேகம் குறைந்துவிடும். ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்த ரானிடிடினை, அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு சேர்வது தெரிந்து, அமெரிக்கா 2020 ஏப்ரலில் சந்தையிலிருந்து எடுத்துவிடச் சொன்னது; இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் 2022-க்குப் பிறகு அது இல்லை. வோனோபிரசான் புது வகை. ஜப்பானில் 2015-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் பார்க்காமல் போடலாம், வேகமாக வேலை செய்யும், கடுமையான புண்ணுக்கு நன்றாகக் கேட்கிறது. எல்லோருக்கும் முதல் மருந்தாக அது தேவையில்லை.

மாத்திரைப் பெயரின் கடைசியில் 'டி' என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதில் டோம்பெரிடோன் என்ற குமட்டல் மருந்தும் சேர்ந்திருக்கிறது. இது எனக்கு நிஜமாகவே கவலை தரும் விஷயம். நெஞ்செரிச்சலுக்கு மட்டும் இந்தக் கூட்டு மருந்து பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பாவில் 2014-லேயே அதன் பயன்பாட்டைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், அதுவும் குறைந்த நாளுக்கு என்று சுருக்கிவிட்டார்கள். இதய நோயாளிகளும், அசித்ரோமைசின், ஃப்ளுகொனசோல் போன்ற மருந்துகளை எடுப்பவர்களும் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். பான்டோப்ரசோல் தேவலை.

நான்காம் படி: சாப்பாடு, படுக்கை, எடை

இதை 8 வார மாத்திரையோடு சேர்த்தே ஆரம்பியுங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து. இரவு 10 மணிக்குப் பரோட்டா சால்னா, பத்தரைக்குப் படுக்கை என்றால் எந்த மாத்திரையாலும் சமாளிக்க முடியாது. சாப்பிட்டு முடித்ததற்கும் படுப்பதற்கும் நடுவே 3 மணி நேரம் இருக்க வேண்டும். கடை, ஷிஃப்ட், பஸ் என்று அலைபவர்களுக்கு இது கஷ்டம்தான். அப்படிப்பட்டவர்கள் மாலை ஆறு ஏழு மணிக்கு வேலை இடத்திலேயே முக்கியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பசித்தால் ஓர் இட்லி, கொஞ்சம் மோர் சாதம் என்று சிறிதாக வைத்துக்கொள்ளலாம்.

எது ஒத்துக்கொள்ளாது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் கிடையாது. ஒருவருக்கு வத்தக்குழம்பு ஆகாது, இன்னொருவருக்கு அது ஒன்றும் செய்யாது, வெறும் வயிற்றுக் காபிதான் எரியும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது. சந்தேகப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டியவை எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, வடை, பூரி; கொழுப்பு அதிகமான பிரியாணி; காரமும் புளியும் தக்காளியும் தூக்கலான குழம்பு; காபி, டீ, சாக்லேட், புதினா, மது. நோட்டில் மாட்டியதை மட்டும் விடுங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் தயிர்சாதமும் ரொட்டியுமாக மெலிந்துபோவது சிகிச்சை ஆகாது.

விருந்து சாப்பிட்ட பிறகு கோலி சோடா குடித்தால் ஏப்பம் வந்து இதமாக இருக்கும். ஆனால் அந்தக் காற்றே வயிற்றை உப்பவைத்து, தசையைத் தளர்த்தி, அமிலத்தையும் கூட்டிவரும். குளிர்ந்த பாலும் சிறிது நேரத்துக்கு மட்டுமே இதம். பிறகு பாலின் புரதமே அமிலத்தைச் சுரக்கவைக்கும்.

வயிற்றைச் சுற்றி இறுக்கும் எதுவும் அமிலத்தை மேலே தள்ளும். இறுக்கமான பெல்ட், பாவாடை நாடா இரண்டையும் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். தொப்பையும் உள்ளிருந்து அதே வேலையைத்தான் செய்கிறது. அமெரிக்கச் செவிலியர்களை வைத்து நடந்த, 2006-ல் வெளியான பெரிய ஆய்வில், உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) மூன்றரைப் புள்ளி குறைந்தவர்களுக்கு அடிக்கடி வரும் நெஞ்செரிச்சல் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 8 கிலோ. சட்டென்று நடக்காது, ஆனால் மருந்தில்லாமல் கிடைக்கும் பெரிய பலன் இதுதான்.

இரவில் தொல்லை உள்ளவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் அல்லது கட்டை வைத்து 15–20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் பலன் இல்லை. இடுப்பு மடங்கி வயிற்றில் அழுத்தம்தான் கூடும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் இடுப்புக்கு மேலே முழு உடம்பும் சரிவாக வரும்படி ஆப்பு வடிவ மெத்தை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் இரைப்பையின் வாய் அமிலத்துக்கு மேலே இருக்கும், அதனால் ஏறுவது குறையும்.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் விட வேண்டும். மூட்டுவலி மாத்திரை, அம்லோடிபின், டாக்சிசைக்ளின் போன்றவையும் எரிச்சலைக் கூட்டலாம். நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: மாத்திரையைக் குறைப்பது

8 வாரத்தில் எரிச்சல் நின்றுவிட்டால், மாத்திரையைக் குறைத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால், இத்தனை நாள் அடங்கியிருந்த இரைப்பை சில வாரங்களுக்கு அமிலத்தை அதிகமாகச் சுரக்கும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு இந்த வகை மருந்தை 8 வாரம் கொடுத்து நிறுத்தியபோது அவர்களில் பலருக்குப் புதிதாக எரிச்சல் வந்தது. ஆகவே நிறுத்திய மறுவாரம் எரிவதை வைத்து "இது இல்லாமல் வாழவே முடியாது" என்று முடிவு கட்டாதீர்கள். பாதி அளவு, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடுவில் எரிந்தால் ஃபாமோடிடின் அல்லது ஆல்ஜினேட் என்று மருத்துவர் சொன்னபடி இறக்கி, ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

சிலர் நிறுத்தவே கூடாது. எண்டோஸ்கோபியில் சி, டி தரப் புண் இருந்தவர்கள், அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போகும் பாரெட் என்ற நிலை உள்ளவர்கள், ஆஸ்பிரின், வலி மாத்திரை அல்லது ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பதால் வயிற்றுப் பாதுகாப்புக்காக இதைச் சாப்பிடுபவர்கள் அந்த வகை. பக்கவிளைவுப் பயத்தில் அவர்கள் தாங்களாக நிறுத்தினால் ஆபத்து. பான்டோப்ரசோலை 17,598 பேரிடம் சுமார் மூன்று வருஷம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வில் குடல் தொற்று கொஞ்சம் கூடியதைத் தவிர, சிறுநீரகம், எலும்பு, ஞாபகசக்தி என்று பயமுறுத்தப்பட்ட எதுவும் கூடவில்லை. நீண்ட காலம் எடுப்பவர்கள் பி12, மக்னீசியம் அளவை அவ்வப்போது பார்க்கலாம்.

ஆறாம் படி: கேட்காவிட்டால் பரிசோதனை

ஒழுங்காகப் போட்டும் கேட்கவில்லை என்றால் மாத்திரைப் பெயரை மாற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. மருந்தை 2–4 வாரம் நிறுத்திவிட்டு எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். அதில் தெளிவாக எதுவும் தெரியாவிட்டால் பிஹெச் பரிசோதனை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு 24 மணி நேரம் அமிலம் எவ்வளவு நேரம் மேலே வந்தது என்று கணக்கெடுப்பார்கள். மொத்த நேரத்தில் 6 சதவீதத்துக்கு மேல் என்றால் நோய் உறுதி; 4-க்குக் கீழ் என்றால் இயல்பு. உணவுக்குழாயின் தசை வலுவை அளக்கும் மானோமெட்ரியும் அறுவை சிகிச்சைக்கு முன் அவசியம். விழுங்கும் அசைவே கெட்டுப்போன அக்கலேசியா என்ற நோய் அச்சு அசலாக நெஞ்செரிச்சல் மாதிரியே காட்டும். அதைத் தெரியாமல் இறுக்கித் தைத்தால் சாப்பாடே இறங்காது.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்து கேட்கவில்லை என்று அனுப்பப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் 366 பேர். ஒமிப்ரசோலைச் சரியான முறையில் இரண்டு வாரம் கொடுத்ததிலேயே 42 பேருக்குச் சரியாகிவிட்டது. 99 பேருக்கு அமிலத்தோடு சம்பந்தமே இல்லாத, நரம்புகளின் கூருணர்ச்சியால் வரும் எரிச்சல். நிஜமாகவே எதுக்களிப்பால்தான் தொல்லை என்று உறுதியாகி, சிகிச்சை ஒப்பீட்டுக்குத் தேறியவர்கள் 78 பேர் மட்டுமே. அந்த 78 பேரில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு 67 சதவீதம் வெற்றி, கூடுதல் மருந்து கொடுத்தவர்களுக்கு 28 சதவீதம்தான். சரியான ஆளுக்குச் செய்தால் அறுவை சிகிச்சை மருந்தை மிஞ்சுகிறது. அந்தச் சரியான ஆள் யார் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

ஏழாம் படி: நுண்துளை அறுவை சிகிச்சை

பரிசோதனையில் நோய் உறுதியானவர்களில் யோசிக்க வேண்டியவர்கள்: எரிச்சல் அடங்கியும் எதுக்களிப்பு விடாதவர்கள், பெரிய ஹெர்னியா உள்ளவர்கள், கடுமையான புண் உள்ளவர்கள், மாத்திரை நன்றாகக் கேட்டும் ஆயுசுக்கும் சாப்பிட விரும்பாத இளம் வயதினர். மாத்திரை கேட்பவர்களுக்கே அறுவை சிகிச்சையும் நன்றாகப் பலன் தரும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அமிலம்தான் காரணம் என்பதை மாத்திரையே நிரூபித்துவிடுகிறது.

ஃபண்டோப்ளிகேஷன் என்ற இந்தச் சிகிச்சையை 1955-ல் ருடால்ஃப் நிஸ்ஸன் தொடங்கினார். அப்போது வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்தார்கள். 1991-ல் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டல்மேன் அதை லேப்ராஸ்கோபி என்ற நுண்துளை முறையில் செய்து காட்டினார். இன்று முழு மயக்கத்தில், வழக்கமாக ஐந்து சிறு துளைகள். நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பையைக் கீழே இழுத்து, உதரவிதானத் துளையைத் தைத்துச் சிறிதாக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றிப் போர்த்தித் தைக்கிறார்கள். முழுச் சுற்று போர்த்தினால் நிஸ்ஸன். பின்பக்கமாக முக்கால் சுற்று என்றால் டூபே. டூபேயில் விழுங்கும் சிரமமும் வயிற்று உப்புசமும் குறைவு என்பதால், உணவுக்குழாய் தசை பலவீனமானவர்களுக்கு அதைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்களுக்கு எதைச் செய்யப்போகிறார்கள், ஏன் என்று கேளுங்கள். வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். இதில் கைப்பழக்கம் ரொம்ப முக்கியம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் இரைப்பை–குடல் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

அதிக உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஃபண்டோப்ளிகேஷன் சீக்கிரம் தளர்ந்துவிடலாம். அவர்களுக்கு ரூ-என்-ஒய் பைபாஸ் என்ற எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும். அதே எடைக் குறைப்புக்காக இரைப்பையைக் குழாய் போலச் சுருக்கும் ஸ்லீவ் முறை நெஞ்செரிச்சலைக் கூட்டிவிடலாம், அதை ஒப்புக்கொள்ளும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். காந்த மணிகள் கோத்த லிங்க்ஸ் வளையம், எண்டோஸ்கோபி வழியாகவே தைக்கும் முறை என்றும் சில இருக்கின்றன. எண்டோஸ்கோபி முறை பெரிய ஹெர்னியா இல்லாதவர்களுக்குத்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு

ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். முதலில் கஞ்சி, மோர், ரசத்தெளிவு போன்ற நீராகாரம். அப்புறம் சில வாரம் குழைந்த சாதம், இட்லி, மசித்த பருப்பு. பரோட்டா, சப்பாத்தி, இறைச்சித் துண்டு எல்லாம் கடைசியாக. தைத்த இடம் வீங்கியிருப்பதால் சில வாரங்களுக்குச் சாப்பாடு மெதுவாகத்தான் இறங்கும். சிறு வாயாக, நன்றாக மென்று விழுங்க வேண்டும். தண்ணீரே இறங்கவில்லை என்றாலோ, காய்ச்சல், கடும் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றரை மாதம் வரை பாரம் தூக்காதீர்கள், குடம் உள்பட. சிலருக்கு ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பும், காற்று கீழ்வழியாக அதிகம் பிரியும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதிப்பது நல்லது.

பலன் எல்லோருக்கும் கடைசி வரை நிலைப்பதில்லை. ஸ்வீடனில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,655 பேரைப் பின்தொடர்ந்ததில் 17.7 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் மறுபடி மாத்திரைக்குப் போனார்கள், சிலருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. உங்களுக்கும் ஒரு நாள் மறுபடி எரிந்தால், பழைய அட்டையைத் தேடி எடுப்பதற்கு முன் பிஹெச் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் செய்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் மாத்திரையை மறுபடி தொடங்கியவர்களைச் சோதித்தால், பலருக்கு அமிலம் ஏறுவதே இல்லை, தைத்தது தைத்தபடியே இருக்கிறது. அவர்களுடைய எரிச்சலுக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.